பக்கம் முடியும் வரை வாசலில் நின்றவர்

அணைக்காத எஞ்சின். வாசலில் ஒரு மொபெட் நின்ற இடத்திலேயே டுபுடுபுவென்று அடித்துக்கொண்டிருக்கும் சத்தம். பால்காரர் நிறுத்தினாலும் சரி, எதிர்வீட்டுக்கு வந்தவர் யாராவது நிறுத்தினாலும் சரி, என் கட்டைவிரல் தானாகவே மடங்கும். பக்கத்துக்குள் விரலை வைத்துப் புத்தகத்தை மூடுகிறவனைப் போல. கையில் புத்தகம் இருக்காது.

இருபத்து நான்கு வருஷம் எங்கள் திண்டுக்கல் வீட்டு வாசலில் அந்தச் சத்தம் கேட்டது. அக்காவைக் கொண்டுவந்து விடுவார் அவள் கணவர், எனக்கு மாமா. குஜிலியம்பாறைக்குப் பக்கத்தில் மானாவாரி நிலம். கடலையும் சோளமும் முருங்கையும். அங்கிருந்து வெயிலில் அவ்வளவு தூரம் ஓட்டி வந்தவர் வண்டியைவிட்டு இறங்கமாட்டார். ஒரு கால் தரையில், ஒரு கை கைப்பிடியில். அக்கா பையோடு இறங்குவாள். நான் கேட் வரை ஓடி, "உள்ள வாங்க மாமா" என்பேன். "இருக்கட்டும் மாப்ள, சோலி கெடக்கு" என்பார். ஒரு செம்பு தண்ணீர்கூட எங்கள் கையால் வாங்கியதில்லை. தெருமுனை டீக்கடையில் போய்க் குடிப்பார். மாலையில் திரும்ப வந்து ஹாரன் அடிப்பார். எஞ்சின் அணையாது.

இதெல்லாம் ஒரு புத்தகத்தால் வந்தது. அப்படித்தான் எங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டோம். புத்தகத்தின்மேல் பழி போடுவது சுலபம். அதற்கு வாய் இல்லை.

விக்டோரியா மகாராணி காலத்தில் எழுதப்பட்ட நாவல் அது. மலைமேல் கோட்டை, கோட்டையில் ஒரு பிரபு, அவனுக்குச் சோறு தண்ணீர் ஒன்றும் இல்லை, மனித ரத்தம்தான். உலகம் முழுக்க அவனைத் தெரியும். படிக்காதவர்களுக்கும் அவனுடைய பல்லைத் தெரியும். கல்லூரிக் கடைசி வருஷத்தில், அட்டை கிழிந்த ஆங்கிலப் பிரதி ஒன்று பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. என் ஆங்கிலம் அப்போது நொண்டி ஆங்கிலம். பக்கத்தில் தடித்த அகராதி இல்லாமல் ஒரு அடி நகராது. தரையில் குப்புறப் படுத்து, வலப்பக்கம் நாவல், இடப்பக்கம் அகராதி. தெருவுக்கு வந்து தலையைத் தூக்கினால் நிஜமாகவே ஒரு பாறையும் அதன்மேல் ஒரு கோட்டையும் நிற்கிற ஊரில் வாசிக்கிறேன். கற்பனைக்கு வேலை குறைவு. பயத்துக்கு வேலை அதிகம்.

அக்காவுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம் இருக்கும். ஒரு முற்பகல். குழாயில் தண்ணீர் வரும் நாள். அம்மா குடங்களோடு தெருக்கோடிக்குப் போயிருந்தாள். அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் ஆம்பளை என்றால் நான்தான். வாசலுக்கு வருகிறவரை "வாங்க" என்று சொல்ல வேண்டிய வாய் என்னுடையது. நம்மூரில் அந்த ஒரு வார்த்தை எவ்வளவு கனமானது என்று விளக்க வேண்டியதில்லை. கூடத்தில் பத்துப் பேர் இருந்து ஒன்பது பேர் வாங்க என்று சொல்லி, ஒருவர் சொல்லாமல் இருந்தால், வந்தவர் ஊருக்குப் போய் அந்த ஒருவரைப் பற்றித்தான் பேசுவார். கல்யாணப் பத்திரிகையில் பெயர் விடுபட்டுப் போனால்கூட மன்னித்துவிடுவார்கள்.

மாமா தனியாக வந்தார். கையில் ஒரு துணிப்பை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, படியில் ஒரு காலை வைத்து நின்றார். காலில் செம்மண் காய்ந்து வெடித்திருந்தது. புது மாப்பிள்ளை, கூப்பிடாமல் உள்ளே நுழைய அவருக்கும் ஒரு கூச்சம் இருந்திருக்கும். நான் தரையில் கிடக்கிறேன். நாவலில் கிழட்டுப் பேராசிரியர் ஒருவர், அந்தப் பிரபுவால் என்ன முடியும், என்ன முடியாது என்று தன் கூட்டாளிகளுக்கு அடுக்கிக்கொண்டிருக்கிற இடம்.

பக்கம் முடிந்து நான் எழுந்தபோது வாசலில் ஆள் இல்லை. கேட் கொண்டியில் பை தொங்கியது. பச்சைக் கடலை. கடலைக்கு மேலே ஒரு கிலோ சீனி.

அம்மா குடத்தை இறக்கிவைத்தாள். பையைத் திறந்தாள். "கடலை சரி. சீனி எதுக்குடா?" என்று தனக்குத்தானே கேட்டவள், கேட்ட மூச்சிலேயே விளங்கிக்கொண்டு வாயில் கைவைத்தாள். அக்கா முழுகாமல் இருக்கிறாள் என்று சொல்ல வந்த மனிதர். சொல்வதற்கு வாயைத் திறக்க, யாராவது வா என்று சொல்ல வேண்டுமே. "நீ எங்கடா இருந்த?" என்றாள்.

"படிச்சுக்கிட்டு இருந்தேம்மா. பாக்கலை."

"பாக்கலை" என்ற அந்த வார்த்தை அன்றைக்குப் பிறந்தது. அக்கா மகளுக்கு இப்போது இருபத்து நான்கு வயது. அவளுக்கும் அந்த வார்த்தைக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

அடுத்த வாரம் அம்மா என்னை இழுத்துக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போனாள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம். அவர்கள் வீட்டு வாசலில் மாமாவே எழுந்து வந்து, "வாங்க அத்தை, வா மாப்ள" என்றார். அந்த "வா" என் காதில் சூடாக விழுந்தது. உள்ளே உட்கார்ந்தோம். அம்மா என் தொடையில் கிள்ளினாள். நான் சொன்னேன்: "புத்தகத்துல இருந்துட்டேன் மாமா. சத்தியமா பாக்கலை." அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டை வாங்கிக்கொண்டு, "சரி மாப்ள" என்றார். அவ்வளவுதான். சண்டை இல்லை, பேச்சு நிற்கவில்லை, அக்காவைத் தடுக்கவும் இல்லை. எங்கள் வீட்டுப் படியை மட்டும் அவர் மிதிக்கவில்லை. வளைகாப்புக்கு வந்தார், தெருப்பந்தலோடு நின்றார். அம்மா போனபோது வந்தார். பாடையைத் தெருவில் இறக்கிய பிறகுதான் தோள் கொடுத்தார்.

"ரோசக்காரன்ப்பா" என்றது சொந்தம். "ஒரு சின்னப் பய கவனிக்காததுக்கு இம்புட்டா?" நானும் தலையாட்டினேன். அதுதான் இன்றைக்கு எண்ணினாலும் நான் கூசுகிற இடம். அந்த நாவலில் எல்லோருக்கும் நாட்குறிப்பு உண்டு, கடிதம் உண்டு, தந்தி உண்டு. எல்லோரும் எழுதி எழுதித்தான் கதை நகர்கிறது. அந்தப் பிரபுவுக்கு மட்டும் ஒரு பக்கம் கிடையாது. அவனைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அவனை வேட்டையாடுகிறவர்கள் எழுதிவைத்தது. எங்கள் குடும்பக் கதையும் அப்படித்தான் எழுதப்பட்டது. எழுதியவன் நான்.

போன வருஷம் மாமாவுக்குச் சிறுநீரகம் நின்றது. சர்க்கரை, பிரஷர், கவனிக்காத வருஷங்கள். வாரத்துக்கு மூன்று நாள் திண்டுக்கல்லில் டயாலிசிஸ். அக்காவுக்கு மாடும் காடும் முழங்கால் வலியும். "நீ கூட இரேன்டா" என்றாள். அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை எனக்கு; மூட்டையாகத் தாள்களை ஆஸ்பத்திரிக்கே எடுத்துப்போகலாம். முதல் பஸ்ஸில் வருவார். பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் தெருவைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். தாண்டித்தான் வந்தார்.

நான்கு மணி நேரம். இடது கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் இயந்திரத்துக்குப் போகும், இன்னொன்றின் வழியாகத் திரும்பும். முதல் இரண்டு வாரம் நான் தாளைத் திருத்தினேன், அவர் மின்விசிறியைப் பார்த்தார். மூன்றாம் வாரம், முகட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

"அன்னைக்கு என்ன புத்தகம் மாப்ள படிச்ச?"

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

"ஒரு வெள்ளைக்காரன் கதை மாமா. ரத்தம் குடிக்கிற பிரபு ஒருத்தன்..."

அவர் கண் மெதுவாகக் கீழிறங்கி, தன் கையிலிருந்து கிளம்பி இயந்திரத்தைச் சுற்றிவரும் சிவப்புக் குழாய்களைப் பார்த்தது. "சரியான எடமாப் பாத்துத்தான்டா சொல்ற. சொல்லு, கேப்போம்."

அடுத்த கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். அவரும் ஒருக்களித்துப் படுத்தார். "செத்த சத்தமாச் சொல்லுங்க சார். கடைசி சீட்டுக்கும் கேக்கணும்."

சொன்னேன். வீடு வாங்குகிற பத்திர வேலைக்காக ஒரு இளம் வக்கீல் அந்தக் கோட்டைக்குப் போவதிலிருந்து. நான் எத்தனையோ முறை வாசித்த கதை. இருபதில் பயத்துக்காக; முப்பதில் அந்த நாட்குறிப்புகளுக்குள் ஒளிந்து கிடக்கிற ஆசைகளுக்காக. ஆனால் இரண்டு ஊசிகளுக்கு நடுவே படுத்துக் கிடந்து கேட்ட அந்த இருவரைப் போல நான் ஒருநாளும் அதைப் படித்ததில்லை. பிரபு இரவில் வந்து ரத்தம் குடித்த ஒரு பெண்ணின் கழுத்தில் இரண்டு சின்னத் துளை என்றதும் கண்டக்டர் தன் கையைத் தூக்கிக் காட்டினார். "நமக்கும் ரெண்டுதான. என்ன, நம்மாளு குடிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துர்றாரு. யோக்கியன்." சிஸ்டரே சிரித்துவிட்டார்.

அந்தப் பெண்ணுக்கு நான்கு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக ரத்தம் கொடுத்ததைக் கேட்டபோது மாமா தன் கையிலிருந்த ஊசிகளைப் பார்த்தார். பிரபு தன் ஊர் மண்ணை ஐம்பது பெட்டிகளில் அள்ளிக்கொண்டு கப்பலேறினான், அந்த மண்ணில் படுத்தால்தான் அவனுக்குத் தூக்கம் என்றபோது எழுந்து உட்காரப் பார்த்தார். "அசையாதீங்க" என்று சிஸ்டர் அதட்டினார்.

"அம்பது பொட்டியா? ஏ, ஒரு லோடு வருமேப்பா அது. வெவரமானவன். நம்ம செவக்காட்டு மண்ணு ஒரு பொட்டி இந்தக் கட்டிலுக்கு அடியில கெடந்தா, நானும் செத்த நேரம் கண்ணசருவேன்."

டயாலிசிஸ்காரருக்குக் குடிக்கிற தண்ணீர்கூட அளவோடுதான். மாமா ஒரு சின்ன பாட்டில் வைத்திருந்தார். ஒரு நாளைக்கு அதுதான். மூடியில் ஊற்றி, நாக்கை நனைத்து, மூடிவிடுவார். சித்திரை மாதம். கடலைக்காட்டில் ஒரு குடத்தை அண்ணாந்து குடித்த மனிதர். ஒருநாள் மூடியை உதட்டில் வைத்தபடியே சொன்னார்: "அவனை ராட்சசன்னு எழுதுனவனுக்குத் தாகம்னா என்னன்னு தெரியாது மாப்ள."

நூறு வருஷத்துக்கு மேல் அந்த நாவல் ஏன் சாகவில்லை என்று எத்தனையோ பேர் எழுதியதை வாசித்திருக்கிறேன். அந்த ஒரு மூடித் தண்ணீருக்குமுன் அதெல்லாம் வறண்டு கிடந்தது.

பிறகு கதையில் பூண்டுப் பூ வந்தது. அந்தப் பெண்ணின் அறையில் பிரபு நுழையாமலிருக்கப் பூண்டுப் பூவைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அவளுடைய அம்மாவுக்கு விஷயம் தெரியாது. நாற்றம் தாங்காமல் மகள் மூச்சு முட்டுகிறாளே என்று எல்லாவற்றையும் எடுத்துப்போட்டு ஜன்னலையும் திறந்துவிடுகிறாள். கண்டக்டர் "அய்யய்யோ" என்றார். மாமா நிதானமாகச் சொன்னார்:

"பாவம், அந்தம்மா வேணும்னா செஞ்சுச்சு? தெரியாமச் செஞ்சதுதான. தெரியாமச் செஞ்சதுக்கு மனசு ஆறிரும்."

என்னைப் பார்க்கவில்லை. பார்க்காததுதான் சுட்டது.

நான் கதையில் ஒன்றை மட்டும் விட்டுக்கொண்டே வந்தேன். வாரக்கணக்காக. அந்தப் பிரபு வௌவாலாவான், ஓநாயாவான், மூடுபனியாவான், சுவரில் பல்லிபோல் இறங்குவான், எல்லாம் சொன்னேன். அவனுக்கு இருந்த ஒரு தடையை மட்டும் சொல்லவில்லை. திருத்துகிறவனுக்குத் தெரியும், ஒரு வரியை உருவினால் பத்தி முழுக்க ஆடும் என்று. காட்டுக்காரரான மாமாவுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

"மாப்ள, ஒண்ணு கேக்குறேன். இம்புட்டுப் பலம் உள்ளவன் அந்தப் பொண்ணு வீட்டுக்குள்ள நேரா நுழைய வேண்டியதுதான? என்னாத்துக்குச் சன்னல்ல வவ்வாலா வந்து முட்டிக்கிட்டு நிக்கிறான்?"

"அதான?" என்றார் கண்டக்டர். "நடுவுல ஒரு ஸ்டாப்பிங்கை விட்டுட்டீங்க சார்."

"அப்படித்தான் எழுதியிருக்கான் மாமா."

"ஏலே, எழுதுனவன் விட்டிருக்க மாட்டான். நீ ஒளிக்கிற."

இயந்திரம் ஒரு தடவை மணியடித்து ஓய்ந்தது. என் மடியில் திருத்தாத தாள்கள். சொன்னேன். "கூப்பிடணும் மாமா. அந்த வீட்டு ஆள் யாராவது ஒருத்தர் முதல்ல வான்னு சொல்லணும். சொல்லாட்டி அவனால படி தாண்ட முடியாது. எம்புட்டுப் பலம் இருந்தாலும்."

கண்டக்டர் கடகடவென்று சிரித்தார். "ரத்தங்குடிக்கே ரோசத்தப் பாருய்யா!" வேறு யாரும் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு நீ இருந்த எடம் அதானா?" என்றார் மாமா.

"ஆமா மாமா. அந்தப் பக்கம்தான்." இன்னொன்று பாக்கி இருந்தது. இருபத்து நான்கு வருஷப் பாக்கி. "உங்களைப் பாத்தேன். நீங்க படியில கால் வைக்கயில தலையத் தூக்கிப் பாத்தேன். இந்தப் பக்கம் முடியட்டும், அதுவரைக்கும் நிக்கட்டும்னு நெனச்சேன்."

அப்பாவின் ஆபீஸ் சினேகிதர் யாராவது அந்தப் படியில் நின்றிருந்தால் துள்ளி எழுந்திருப்பேன். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. காய்ந்த செம்மண் காலைப் பார்த்துத்தான் மறுபடி குனிந்தேன் என்பதை எப்படிச் சொல்வது? அதையும் அவர் அறிந்திருப்பார் என்றே இப்போது நினைக்கிறேன்.

"தெரியும்" என்றார். குரலில் கோபம் இல்லை. "பக்கத்துல ஒரு பெரிய புத்தகம் வச்சிருந்தல்ல. மூணு வாட்டி பொரட்டுன. எண்ணிக்கிட்டுத்தான் நின்னேன். மூணாவது வாட்டி பொரட்டையில கெளம்பிட்டேன்."

நான் குனிந்திருந்தேன்.

"வான்னு சொல்லாதது பெருசில்ல மாப்ள. சின்ன வயசு, திமிரு, போச்சுன்னு விட்டுருப்பேன். மறுவாரம் வெத்தலை பாக்கோட வந்து பாக்கலைன்னு சொன்ன பாரு. என் கண்ணு பாத்ததை என்கிட்டயே இல்லைன்னுட்ட. அதுக்கப்புறம் நீ கூப்பிட்டதெல்லாம் எனக்குக் கூப்பிட்டது மாதிரியே கேக்கலை."

கண்டக்டர் அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாமாவின் உதட்டோரம் மட்டும் அசைந்தது. "ஏன்டா, அந்த வக்கீலு மொதமொத கோட்டைக்கு வந்தப்ப, உன் பிரபு வாசல்ல நின்னு வாங்கன்னுதான சொன்னான்? அவனே சோறு வச்சான், அவனே படுக்கை விரிச்சான்னு சொன்ன. அதைப் படிச்சுட்டுத்தான இந்தப் பக்கத்துக்கு வந்திருப்ப?"

"ஆமா மாமா."

"ம்." கண்ணை மூடிக்கொண்டார். "மிச்சத்தைச் சொல்லு. செத்தானா, இல்லையா?"

கதை முடிய இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று. சாகும்போது அந்தப் பிரபுவின் முகத்தில் ஓர் அமைதி வந்தது என்று சொன்னேன். "அது போதும்" என்றார். அதற்குள் அவர்கள் ஊர்ப்பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள். இனித் திண்டுக்கல் வர வேண்டியதில்லை. அக்கா போனில் சந்தோஷப்பட்டாள். எனக்கு முடியவில்லை. இனி இந்த வழியே அவர் எதற்காக வருவார்?

கடைசி நாள். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறோம். எங்கள் தெரு வந்ததும் ஆட்டோவை உள்ளே திருப்பச் சொன்னேன். மாமா ஏன் என்று கேட்கவில்லை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும்தான், அன்றைப் போலவே. இறங்கி ஓடினேன், கேட்டைத் திறந்தேன், கதவைத் திறந்தேன், படியில் நின்றேன். நாற்பத்தைந்து வயது. பழைய ஜன்னலோரத் தரை எனக்குப் பின்னால் இருந்தது. நான் படுத்திருந்த இடம்.

"வாங்க மாமா."

ஆட்டோ அடித்துக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார், திறந்த கதவைப் பார்த்தார், படியைப் பார்த்தார். பிறகு டிரைவரின் தோளைத் தொட்டு, "செத்த நேரம் எஞ்சினை அமத்துப்பா" என்றார்.

எங்கள் வாசல் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

இறங்கினார். மெதுவாக நடந்து கேட் வரை வந்தார். கொண்டியில் கையை வைத்தார், அன்றைக்குப் பையை மாட்டிய கொண்டியில். செருப்பைக் கழற்றப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மடியிலிருந்து அந்தச் சின்ன பாட்டிலை எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். காலி.

"உள்ள வந்தா உன் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கணும்ல. வெறும் வாயோட வந்துட்டுப் போனா அதுக்குப் பேரு வந்ததா? இன்னைக்கு அளவு முடிஞ்சு போச்சுடா."

"தண்ணி வேணாம் மாமா. சும்மா வந்து உக்காந்துட்டுப் போங்க."

தலையை ஆட்டினார். மாட்டேன் என்றா, உனக்குத் தெரியாது என்றா, பிடிபடவில்லை. திரும்பி ஆட்டோவரை நடந்தார். ஏறுமுன் கம்பியைப் பிடித்து நின்று, வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தார். வெற்றிலைத் தட்டை வாங்கிய அன்று பார்த்தது போல. இந்த முறை நான் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"ஒருநாளு உன் வீட்டுக்குன்னு ஒரு டம்ளர் மிச்சம் வச்சுக்கிட்டு வாரேன் மாப்ள" என்றார்.